நாற்பத்தேழாம் நம்பர் பால்

எலுவனூர் பால் சொசைட்டியின் வாசல் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. கொள்முதல் எவ்வளவு, தீவனம் எப்போது வரும் என்று அதில் எழுத எத்தனையோ இருக்கிறது. டெஸ்டர் ராமப்பன் எழுதுவது ஒன்றே ஒன்றுதான். மேலே 'தண்ணீர்ப் பால்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, பாலில் தண்ணீர் கலந்து மாட்டிக்கொண்ட உறுப்பினரின் நம்பர். பெயரை எழுத மாட்டார், அது மரியாதை இல்லையாம். நம்பரை மட்டும் போட்டால் அது யார் என்று நூற்றைம்பது வீடு உள்ள ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று அவர் நினைப்பு.

பலகையில் நிரந்தரமாக இருக்கும் நம்பர் நாற்பத்தேழு. அது மங்கம்மா. சொசைட்டிக்கு நேர் எதிர் வீடு. புருஷன் இல்லை, இரண்டு பசு, ஒரு எருமை. சொசைட்டியில் அவள் உறுப்பினர் கார்டைக் கிழித்துப் போட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. இப்போது சிப்காட் கேட் பக்கம் டீக்கடைகளுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் மாதம் பிறந்தால் ராமப்பன் பலகையைத் துடைத்துவிட்டு, தலைப்பையும் நாற்பத்தேழையும் புதுச் சாக்பீஸில் மறுபடி எழுதிவைப்பார். மற்றவர்களுக்கு ஒரு பயம் இருக்க வேண்டுமாம். மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கும்போதுகூட, "மங்கம்மா, பானையில தண்ணி நீ ஊத்தாத, உன் கை தாராளம்" என்று சொல்லிச் சிரிக்காத பெண்கள் குறைவு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவள் வீட்டைத் தாண்டும்போது 'தண்ணி மங்கம்மா' என்று கத்திவிட்டு ஓடும். சரோஜம்மாள் மகள் சரிதாவும் எட்டாவது படிக்கும்போது கத்தியிருக்கிறாள். தொண்டை நல்ல தொண்டை.

இரண்டாயிரத்து ஆறு, பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். சனிக்கிழமை காலை, நாற்பத்தேழுக்குக் கீழே இன்னொரு நம்பர் ஏறியது. நூற்றுப் பன்னிரண்டு. அது சரிதாவின் அம்மா சரோஜம்மாளின் நம்பர்.

நடந்தது இதுதான். சரிதா பத்தாவது. பொங்கலுக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்குக் காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். ஆறு ஐம்பது பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது. அதற்கு முன்பெல்லாம் பாலைக் கறந்து, கேனைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைத்துவிட்டு, சாணி வழித்து, சோறு வடித்து, ஏழு மணிக்கு ஆற அமர சொசைட்டிக்குக் கொண்டுபோவது சரோஜம்மாள்தான். அங்கிருந்து அப்படியே ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டும் வேலைக்கு ஓடுவாள். "நான்தான் அந்த வழியா பஸ்சுக்குப் போறேனே, நானே ஊத்திட்டுப் போறேன்" என்று சொன்னது சரிதா. அம்மாவுக்கு அரை மணி மிச்சம். அன்றிலிருந்து கறந்த கையோடு கேனைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். முதல் நாள் வெள்ளிக்கிழமை. ராமப்பன் பாலை உயரமான கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பால் மீட்டரை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்தார். இருபத்தைந்து. இருபத்தாறுக்குக் கீழே போனால் தண்ணீர், அது சொசைட்டி சட்டம். "மொத தடவ, விடறேன்" என்றார். சனிக்கிழமையும் இருபத்தைந்து. நம்பர் பலகைக்குப் போயிற்று. மூன்றாவது தடவை என்றால் கார்டு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. பழையபடி ஏழு மணிக்கு சரோஜம்மாள் கொண்டுபோனாள். இருபத்தெட்டு.

வீட்டுக்கு வந்தவள் காலிக் கேனை நடுவீட்டில் வைத்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் சரிதாவுக்குப் பயமாக இருந்தது.

"நான் கொண்டு போனா இருவத்தெட்டு. நீ கொண்டு போனா இருவத்தஞ்சு. மாடும் அதே மாடு, கேனும் அதே கேன். நடுவுல என்னாடி ஆச்சு?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்?"

"பஸ்சுக்கு ஓடறப்ப சிந்தியிருப்ப. நான் திட்டுவேன்னு கோயில் கொழாயில புடிச்சு ஊத்தியிருப்ப. சிந்திடுச்சின்னு சொன்னா கொன்னா போட்டுடுவேன் உன்ன?"

"சிந்தல. ஊத்தல."

"அப்ப மீட்டரு பொய் சொல்லுதா?"

தப்புச் செய்துவிட்டுத் திட்டு வாங்கினால்கூட ஒரு மாதிரி ஆறிப்போகும். செய்யாததற்கு வாங்குவது உடம்பெல்லாம் எரிகிறது. அதிலும் அம்மா சொல்வதில் ஓட்டையே இல்லை. யார் கேட்டாலும் அம்மா பக்கம்தான் பேசுவார்கள். தன் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தால் சரிதாவே கூட அப்படித்தான் பேசியிருப்பாள்.

"இன்னொருக்கா அந்த ஆளு கிட்ட நான் தல குனிஞ்சு நிக்க மாட்டேன்" என்றாள் சரோஜம்மாள். "நாளையில இருந்து கேனை நீ தொடாத. கார்டு போச்சுன்னா வெச்சுக்கோ, ஸ்பெஷல் கிளாசும் வேணாம், பத்தாவதும் வேணாம். எங்கூட பூ வெட்ட வந்துடு."

அப்பா சென்னப்பனுக்குக் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஐந்தரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் பேச நேரம். அன்று மகளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அம்மாவின் ஏச்சே தேவலை.

திங்கட்கிழமை சரோஜம்மாள் கொண்டுபோனாள். இருபத்தெட்டு. சரிதாதான் திருடி என்பதற்கு இன்னொரு சாட்சி.

அன்று ஸ்பெஷல் கிளாஸ் பாஸ்கரன் சாருடையது. இயற்பியல், ரிவிஷன். சாருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓசூர்க் குளிரை இன்னும் மன்னிக்காதவர். காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் பாடம் எடுப்பார். ரிவிஷன் என்றால் அவருக்குக் கோரஸ். கேள்வியை அவர் வாசிப்பார், பதிலை அறுபது பேரும் சேர்ந்து ஒப்பிக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

"அடர்த்தி என்றால் என்ன?"

"ஓரலகு பருமனில் உள்ள நிறை அடர்த்தி எனப்படும்."

"பால்மானி எதற்குப் பயன்படுகிறது?"

"பாலின் தூய்மையை அறியப் பயன்படுகிறது. அடர்த்தி குறைந்த திரவத்தில் பால்மானி அதிகமாக அமிழும்."

"திரவத்தை வெப்பப்படுத்தினால் அடர்த்தி என்னாகும்?"

"வெப்பப்படுத்தும்போது திரவம் விரிவடைகிறது. பருமன் அதிகரிக்கிறது. நிறை மாறுவதில்லை. எனவே அடர்த்தி குறைகிறது."

ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம். சரிதாவின் வாய் அதைச் சொல்லும்போது மனசு எங்காவது போய்விடும். அன்று 'குறைகிறது' என்ற இடத்தில் வாய் நின்றுபோனது. மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அவள் குனிந்து நோட்டைப் பார்த்தாள். பால்மானி பதிலும் வெப்பப் பதிலும் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. ஆளுக்கு இரண்டு மார்க். ஆறு மாதமாக இரண்டும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன, யாரும் ஒன்றை இன்னொன்றுக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை.

எழுந்து நின்றாள்.

"சார், பாலும் அப்படித்தானா?"

"என்னது?"

"சூடா இருக்கற பாலுக்கும் அடர்த்தி கொறையுமா சார்?"

"திரவம்னு போட்டிருக்குல்லா. பாலு என்ன கல்லா? எல்லாத் திரவமுந்தான். உக்காரு பிள்ளே. பப்ளிக்ல பாலை எல்லாம் கேக்க மாட்டான், இருக்கிறத ஒழுங்கா சொல்லு."

உட்கார்ந்தாள். கறந்த பால் எவ்வளவு சூடு என்று அவளுக்குப் பாடம் தேவையில்லை. இந்தக் குளிரில் கேனை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஓடும்போது, அந்தப் பக்கம் மட்டும் தாவணி கதகதவென்றிருக்கும். அம்மா கொண்டுபோகும் கேனோ ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரில் கிடந்து, வெளியே முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். மாடு அதே மாடுதான். கேனும் அதே கேன்தான். நடுவில் ஆனது இதுதான். வகுப்பு முடிகிற வரை அவளுக்குக் கோபத்தில் காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது, மகிழ்ச்சியில் அல்ல.

செவ்வாய்க்கிழமை காலை சரோஜம்மாள் கறந்து முடித்து எழுந்ததும் சரிதா கேனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வையிடி கீழ."

"வெக்க மாட்டேன். நான்தான் கொண்டு போவேன், இப்பவே, சூடா."

"மூணாவது தடவடி. கார்டே போயிடும். வெளயாடறியா?"

"இருவத்தஞ்சுதான் வரும். நீ கண்ணால பாக்கணும். என்கூட வா. சிந்தறேனா ஊத்தறேனான்னு வழியெல்லாம் பாத்துகினே வா."

சரோஜம்மாள் கேனைப் பிடுங்கப் பார்த்தாள். சரிதா விடவில்லை. பால் சிந்திவிடுமே என்ற பயத்தில் விட்டது அம்மாதான். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளுக்கு இரண்டடி பின்னால், வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தாள். கோயில் குழாயைத் தாண்டும்போது சரிதா வேண்டுமென்றே நின்று, திரும்பி அம்மாவைப் பார்த்துவிட்டு நடந்தாள். அந்தத் திமிர் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இரண்டு நாள் திருடிப் பட்டம் சுமந்தவளுக்கு அதுகூட இல்லாமல் எப்படி?

சொசைட்டியில் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள், பஸ்ஸுக்குப் போகிறவள் என்று சரிதாவை முன்னால் விட்டார்கள். ராமப்பன் முக்காலி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் மீட்டர் வைக்கும் மரப்பெட்டி திறந்திருந்தது. அதில் இரண்டு பள்ளம். ஒன்று மீட்டருக்கு, இன்னொன்றில் அவர் பேனாவைப் படுக்கவைத்திருப்பார்.

"ஏம்மா சரோஜா, ரெண்டு பேரும் சேந்து வந்துட்டீங்க?" என்றபடி சரிதாவின் பாலை ஜாடியில் ஊற்றினார். மீட்டர் மிதந்தது, ஆடியது, நின்றது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி.

"இருவத்தஞ்சு. மூணாவது தடவ. கார்டை எடு."

சரோஜம்மாளுக்கு முகம் செத்துப்போனது. வழி முழுக்க அவள் கண் கேனை விட்டு அகலவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு சொட்டு ஊற்றவில்லை.

ராமப்பன் மீட்டரை வெளியே எடுத்துவிட்டு ஜாடியைக் கவிழ்க்கப் போனார். சரிதா கையை நீட்டி ஜாடியின் வாயைப் பொத்தினாள்.

"கொட்டாதீங்கண்ணா. இதே பாலை இன்னொருக்கா பாக்கணும்."

"ஒரு பாலுக்கு ஒரு தடவதான்."

"அது எந்தச் சட்டத்துல இருக்குது?"

"ஏய், யாரு கிட்ட பேசற? பதினாலு வருசமா மீட்டரு புடிக்கறேன் நான்."

"புடிச்சது தப்புன்னு சொல்லலண்ணா. பால் சூடா இருக்குது. சூடா இருந்தா அடர்த்தி கொறையும். மீட்டரு உள்ள போகும். இந்த ஜாடியைப் பச்சத் தண்ணியில கொஞ்ச நேரம் வெச்சு எடுத்துப் பாருங்க. இருவத்தஞ்சே வந்தா கார்டை நானே கிழிச்சுத் தரேன்."

"சரிதா!" என்றாள் சரோஜம்மாள். கார்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற கங்கப்பன், பாகலூர்ப் பக்கத்து ஆள், "பேக, பேக, டைம் ஆயிது" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ஆனால் ஜாடி ஒன்றுதான், மீட்டரும் ஒன்றுதான். ஜாடியின் வாயில் சரிதாவின் உள்ளங்கை. அவள் எடுத்தால்தான் அடுத்த ஆள் பாலை அளக்க முடியும். அவள் எடுப்பதாக இல்லை.

"யாராச்சும் ஒரு பக்கெட் தண்ணி குடுங்க" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

ஒருவரும் அசையவில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்து, மங்கம்மா ஒரு இரும்பு வாளியில் தண்ணீரோடு ரோட்டைத் தாண்டி வந்தாள். உள்ளே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அந்த வாசற்படியை மிதித்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. வாளியைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"பாருங்க, தண்ணின்னு சொன்னதும் யாரு வர்றான்னு!" என்றார் ராமப்பன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சரிதா சிரிக்கவில்லை. "நீங்களே புடிச்சிக்குங்கண்ணா" என்று ஜாடியை அவர் கையில் கொடுத்தாள். "நான் தொட்டா எதையாவது கலந்துட்டேன்னு சொல்லுவீங்க. உங்க கையாலயே வாளிக்குள்ள வையுங்க. உள்ள தண்ணி போகாம நீங்களே பாத்துக்குங்க."

மறுத்திருப்பார். ஆனால் வரிசையின் கடைசியில் கம்பெனி யூனிபார்மோடு நின்ற ரத்தினவேல், "பிடிங்கண்ணே, என்னதான் வருதுன்னு பாப்பமே" என்றான். மதுரைப் பக்கத்துக்காரன், ஊரில் வாடகைக்கு இருப்பவன், போன வருஷம்தான் ஒரு மாடு வாங்கியவன். அவனும் ஒரு தடவை இருபத்தாறரை வந்து அரைப் புள்ளியில் தப்பியவன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ராமப்பன் வேட்டியை மடித்துக் கட்டி, வாளி முன்னால் குந்தி, ஜாடியைத் தண்ணீரில் பிடித்தார்.

தை மாதத்து ஓசூர்த் தண்ணீர். இரண்டு நிமிஷத்தில் அவர் கையை மாற்றினார். ஐந்து நிமிஷத்தில் விரலை ஊதிக்கொண்டார். "போதுமா?" என்றார். "இன்னும் கொஞ்சம்ணா" என்றாள் சரிதா. ஆறு ஐம்பது பஸ் ஹார்ன் அடித்தபடி வந்து, நிறுத்தத்தில் நின்று, போனது. சன்னல் ஓரம் இருந்த அவள் வகுப்புப் பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். படித்தது எல்லாம் ஒரு வாக்கியம். அதை அவள் இதுவரை எதிலும் வைத்துப் பார்த்ததில்லை. பொய்யாகிவிட்டால் கார்டு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தலைக்கு மேல் ஒரு பட்டம் மட்டும் மிச்சம். ஆனாலும் அவள் நகரவில்லை. செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டு பரீட்சை எழுதுவதற்கு, எழுதாமலே இருக்கலாம் என்று தோன்றியது.

பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ராமப்பன் ஜாடியை எடுத்து, துண்டால் துடைத்து, மேசைமேல் வைத்தார். மீட்டரைக் கழுவி இறக்கினார். அது மிதந்தது, ஆடியது, நின்றது. முன்பு முங்கியிருந்த மூன்று கோடுகள் இப்போது பாலுக்கு மேலே தெரிந்தன.

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"எவ்ளோண்ணா?" என்றாள் சரிதா. அவளுக்கே தெரிந்தது. அவர் வாயால் வர வேண்டும்.

"இருவத்தெட்டு" என்றார் ராமப்பன், மேசையைப் பார்த்து.

சரோஜம்மாள் முன்னால் வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

"எங்க கம்பெனில அளக்குற ரூமுன்னே தனியா ஒண்ணு இருக்குண்ணே" என்றான் ரத்தினவேல். "இரும்புச் சாமானுக்கே இருபது டிகிரில ஏசி போட்டுத்தான் அளக்கணும்னு வச்சிருக்காய்ங்க. சூடா அளந்தா அத்தனையும் ரிஜெக்ட்டு. பாலுக்கும் எதாச்சும் வச்சிருப்பாய்ங்கள்ல?"

சரிதாவின் கண் மரப்பெட்டிக்குப் போனது. பேனா படுத்திருந்த பள்ளம் பேனாவுக்கு ரொம்பப் பெரிது. நீளமாக, ஒல்லியாக, நுனியில் உருண்டையாகக் குடைந்திருந்தார்கள். அவள் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல என்னா இருந்துச்சிண்ணா?"

ராமப்பன் பெட்டியை மூடப் பார்த்தார். மூடி பாதியில் நின்றது. "தெர்மாமீட்டரு" என்றார். "ஒடஞ்சு போச்சு. எழுதிப் போட்டேன், அனுப்பல. நான் என்னா பண்றது?"

"அத வெச்சு என்னா பண்ணணும்?"

"சூட்டப் பாத்து… மீட்டர்ல வர்றதோட கொஞ்சம் கூட்டிப் போடணும். ட்ரெயினிங்ல சொன்னாங்க. ஆறின பாலுக்கு அதெல்லாம் வேண்டியதில்ல. எல்லாரும் ஆற வெச்சுத்தானே கொண்டு வர்றீங்க."

"எல்லாரும் இல்ல" என்றது ஒரு குரல்.

மங்கம்மா. படியை விட்டு ஒரு அடி மேலே ஏறியிருந்தாள். கைகள் இரண்டும் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தன.

"என் ஊடு பத்து அடி. கறந்து எந்திரிச்சா நேரா இங்கதான். ஊருக்கே மொதல்ல ஊத்தறவ நான்தான். பால்ல நுர கூட அடங்கியிருக்காது." ஒரு மூச்சு விட்டாள். "தெர்மாமீட்டரு எப்ப ஒடஞ்சுது ராமப்பா?"

"அது ஆவுது… மூணு வருசம். அந்தச் சிவராத்திரி சமயம்."

"என் கார்டக் கிழிச்சது அதே வருசம் ஆடியில."

யாரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. சற்றுமுன் சிரித்தவர்கள் தங்கள் கேன் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்பில் கத்திய கத்தல் சரிதாவின் காதில் திரும்ப வந்து மோதியது. இரண்டு நாள் பட்டத்துக்கே தனக்கு உடம்பெல்லாம் எரிந்ததே, இவள் இரண்டரை வருஷம் அந்த எரிச்சலோடு எதிர் வீட்டிலேயே இருந்து, மாதம் பிறந்தால் தன் நம்பரைப் புதுச் சாக்பீஸில் எழுதுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளே!

ராமப்பன் எழுந்து போய், ஈரத்துணியால் நூற்றுப் பன்னிரண்டைத் துடைத்தார். "சரி, ஆயிடுச்சி. ஊத்தும்மா, வண்டி வர்ற நேரம்."

சரிதா கேனை மூடினாள்.

"மேல ஒண்ணு இருக்குது" என்றாள்.

"அது பழசு. அத நான் தொட முடியாது. கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்."

"எழுதறப்ப கமிட்டி கூடுச்சா?"

ராமப்பன் துணியை மேசைமேல் போட்டார். "உன்னுதுதான் அழிச்சாச்சே, உனக்கென்னா வந்துச்சு?" என்றார். "ஊத்தறியா இல்லியா?"

சரிதா வாயைத் திறப்பதற்குள், கேன் மூடியின்மேல் இன்னொரு கை வந்து அழுந்தியது. ரோஜா முள் கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன கை.

"ஊத்த மாட்டோம்" என்றாள் சரோஜம்மாள்.

பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கங்கப்பன் தன் கேனைத் தரையில் வைத்து மூடியை அமுக்கியிருந்தார், டைம் ஆயிது என்று குதித்த அதே ஆள். அடுத்து ரத்தினவேல். அடுத்தடுத்து மற்றவர்களும் கேனைக் கீழே வைத்தார்கள். ரோட்டில் பால் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. காலிப் பெரிய கேன்களைப் பார்த்துவிட்டு டிரைவர் இன்னொரு தடவை, நீளமாக அடித்தான்.

ராமப்பன் துணியை எடுத்தார். நாற்பத்தேழின்மேல் ஒரு இழுப்பு இழுத்தார். சாக்பீஸ் போனது, எழுத்துப் போகவில்லை. முப்பது மாதம் ஒரே இடத்தில் எழுதி எழுதிப் பலகையிலேயே ஊறியிருந்தது. இன்னொரு தடவை துடைத்தார். அப்போதும் வெளிறலாகத் தெரிந்தது.

மங்கம்மா வந்து அவர் கையிலிருந்த துணியை வாங்கினாள். தன் வாளியிலேயே முக்கிப் பிழிந்தாள். பலகையோடு முகத்தை ஒட்டி நின்று, தோள் ஆட ஆட, தலைப்பில் தொடங்கி அடிவரைக்கும் தேய்த்தாள். ஒருவரும் அவளை நிறுத்தவில்லை. டிரைவரும் ஹார்னை விட்டு இறங்கிவந்து பார்த்துக்கொண்டிருந்தான். பலகை ஈரமாக, கறுப்பாக, வெறுமையாக ஆன பிறகுதான் நிறுத்தினாள்.

திரும்பியவள் சரிதாவை நேராகப் பார்த்தாள்.

"நீயும் கூப்ட்டவதானே? அந்தப் பேரு வெச்சு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எட்டாவது படித்த பிள்ளைகள் எத்தனையோ.

"கூப்ட்டேன்க்கா" என்றாள் சரிதா. "தப்பு."

மங்கம்மா அதை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்காததாகவும் சொல்லவில்லை. "அந்த வாளிய எடுத்துக் குடு" என்றாள். சரிதா எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

பாலை ஊற்றிவிட்டு வரும் வழியில் சரோஜம்மாள் காலிக் கேனைத் தானே வாங்கிக்கொண்டாள். கோயில் குழாய்ப் பக்கம் வந்ததும், "நான் தப்பா நெனச்சிட்டேன்" என்றாள், குழாயைப் பார்த்து. பிறகு, "நாளைக்கு இருந்து ஒரு அர மணி முன்னாடியே கறந்துடறேன். தொட்டியில வெச்சு ஆற வெச்சு எடுத்துனு போ."

"மாட்டேன்" என்றாள் சரிதா. "சூடாத்தான் கொண்டு போவேன். அவரு தெர்மாமீட்டரு வாங்கி வெச்சு அளக்கட்டும்."

அம்மா திட்டவில்லை.

ஸ்பெஷல் கிளாஸுக்கு வராததற்காக பாஸ்கரன் சார் அவளை அன்று ஒரு பீரியட் வெளியே நிறுத்தினார். நின்றாள். வெள்ளிக்கிழமை ரிவிஷன் டெஸ்ட் வைத்தார். சனிக்கிழமை பேப்பர்களைத் திருத்திக் கொண்டுவந்தவர், ஒரு பேப்பரை மட்டும் தனியே எடுத்து, மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஏழாங் கேள்வி. வெப்பத்தால் திரவத்தின் அடர்த்தி குறைவதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக. நோட்ல நான் குடுத்தது என்ன? இந்தப் பிள்ள எழுதியிருக்கிறது என்ன? எந்திரி. நீயே வாசி, எல்லாரும் கேக்கட்டும்."

வகுப்பு சிரிக்கத் தயாரானது. அதில் எலுவனூர்ப் பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். அந்த வாசலைத் தாண்டும்போது கத்திவிட்டு ஓடிய பதினோரு பேர். சரிதா பேப்பரை வாங்கினாள். பதிலின் குறுக்கே சிவப்பு மை கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி, அந்த நல்ல தொண்டையில் வாசித்தாள்:

"எடுத்துக்காட்டு: எலுவனூர் நாற்பத்தேழாம் நம்பர் மங்கம்மாவின் பால். அதில் தண்ணீர் இல்லை."